துரைப்பண்ணைச் சோளக்கொல்லை

சுங்குவார்சத்திரம்
12.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சத்யப்பிரியா எழுதுவது. இங்கே நானும் அவரும் குழந்தை சௌந்தர்யாவும் நலம். அங்கே உன் உடம்பு எப்படி இருக்கிறது? ராத்திரி மூச்சிரைப்பு வருமே, மருந்து மாத்திரை தருகிறார்களா? அம்மாவை எடுத்த அன்று போலீசோடு வந்து தலைமாட்டில் நின்றுவிட்டுப் போனாயே, அதற்குப் பிறகு இப்போதுதான் உனக்கு எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. வேலை, வீடு, குழந்தை என்று காலம் ஓடிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் துரைப்பண்ணையை ஒரு கார் உதிரிபாகக் கம்பெனி வாங்கிவிட்டது. அந்தக் கம்பெனியின் சி.எஸ்.ஆர். என்கிற சமூகப்பணிப் பிரிவில்தான் எனக்கு வேலை. பங்களாவையும் மாட்டுக்கொட்டகையையும் கல்தொட்டியையும் இடிக்காமல், துரை மாடு வளர்த்த காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே ஒரு மாதிரித் தோட்டம் போடப்போகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள், வெளிநாட்டிலிருந்து விருந்தாளிகள் வருவார்கள். "நீங்க அந்தப் பண்ணையிலயே பொறந்தவங்களாமே, அப்புறம் இன்னா" என்று எங்கள் மேனேஜர் ராஜசேகர் சார் முழுப் பொறுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார். நானும் பெருமையாகத் தலையாட்டிவிட்டேன்.

எனக்கு என்ன தெரியும்? நான் ஹாஸ்டலில் வளர்ந்தவள். அப்பாவுக்குப் பிறகு பண்ணை மாடுகளைப் பார்த்துக்கொண்டவன் நீ. எங்கே என்ன பயிர் இருந்தது, எந்தப் பக்கம் தண்ணீர் பாய்ந்தது என்று நினைவிருக்கிற வரைக்கும் எழுது. பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், தோட்ட ஆபீஸ் முகவரியைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
சத்யப்பிரியா

•

சிறை
24.6.2024

பாப்பாவுக்கு அண்ணன் எழுதுவது.

நான் சுகம். மூச்சிரைப்பு இங்கே வந்த பிறகு நின்றுவிட்டது, மாட்டுச்சாணிக்கும் வைக்கோலுக்கும்தான் அது வந்தது போல. மாப்பிள்ளை சுகமா? சௌந்தர்யாவுக்குப் பல் விழுந்து முளைத்துவிட்டதா? நான் அவளைப் பார்த்ததே இல்லை என்பதை நேற்று ராத்திரிதான் கணக்குப் பார்த்தேன்.

உன் கடிதத்தை வார்டர் என் கையில் கொடுத்தபோது வேறு யாருக்கோ வந்தது என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் என்னைத் திட்டிவிட்டுத் திரும்பவும் கொடுத்தார்.

பண்ணையைக் கேட்கிறாய். கண்ணை மூடினால் அங்கேதான் நிற்கிறேன், எழுதுவதற்கு என்ன. பங்களாவுக்குப் பின்னால் கிணறு. கிணற்றிலிருந்து கல்தொட்டி, தொட்டியிலிருந்து வாய்க்கால் கிழக்கே இறங்கும். வாய்க்கால் ஓரம் முழுக்க அகத்தி. வேலியில் கல்யாண முருங்கை. கொட்டகைக்குத் தெற்கே கொழுக்கட்டைப்புல், அதைத் தாண்டி சோளக்கொல்லை. சமையல்கட்டுக்குப் பக்கத்தில் துரைசாணி போட்ட எலுமிச்சை ஒன்று இருந்தது, பட்டுப்போயிருக்கும்.

இப்போது என் விஷயம். ரகுவை அடித்தது என் கைதான், அதை நான் கோர்ட்டிலும் மறுக்கவில்லை. நிலத்தரகர் பண்ணையைச் சுற்றிக் கம்பிவேலி போட்டபோது நம் பசு செவலை உள்ளே மாட்டிக்கொண்டது, காவலுக்கு இருந்த ரகு விடமாட்டேன் என்றான், கை மீறிவிட்டது. அதற்கான காலத்தை அனுபவித்துவிட்டேன். முன்கூட்டியே விடுதலை செய்கிற பட்டியலில் என் பெயர் வந்திருக்கிறது. நன்னடத்தை அலுவலர் ஒருவர் உன்னைத் தேடி வருவார். வெளியே வந்தால் இவனை வீட்டில் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்பார். சேர்த்துக்கொள்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, பாப்பா. அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. அம்மா இல்லை, உன்னை விட்டால் கேட்க எனக்கு ஆள் கிடையாது.

செவலை வம்சத்தில் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?

அண்ணன்,
நிலவன்

•

சுங்குவார்சத்திரம்
18.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ எழுதியதை வைத்து வரைபடம் போட்டுக்கொண்டு போனேன். ராஜசேகர் சார் அசந்துபோய்விட்டார். சென்னையிலிருந்து ஒரு கன்சல்டன்ட் வந்திருந்தார், அவருக்குப் புல்தரையும் பூச்செடியும்தான் தெரியும். வாய்க்கால் கிழக்கே இறங்கும் என்று நான் சொன்னதும் தோண்டிப் பார்த்தார்கள், பழைய செங்கல் அப்படியே இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

செவலை வம்சம் இருக்கிறது. நம் பக்கத்து வீட்டு லூர்தம்மாள் அதன் பேத்தியை வைத்திருக்கிறாள். அதே நிறம், நெற்றியில் அதே சுழி. சின்னச் செவலை என்று கூப்பிடுகிறாள். தோட்டத்துக்கு மூன்று நாட்டுமாடு வேண்டும், அதில் ஒன்றாக இதையே வாங்கப்போகிறேன். உனக்குச் சந்தோஷம்தானே?

தீவனப் பயிரைப் பற்றி இன்னும் விவரமாக எழுது. எதை எப்போது விதைப்பது, எப்போது அறுப்பது, எல்லாம் வேண்டும். மாடு மேய்வதை விருந்தாளிகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது கம்பெனியின் ஆசை.

மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம்.

சத்யப்பிரியா

•

சிறை
1.8.2024

பாப்பாவுக்கு,

நான் சுகம். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும்.

சின்னச் செவலை சேதி படித்துவிட்டு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதன் பாட்டியை வேலிக்குள்ளிருந்து கொண்டுவரத்தான் நான் போனேன். வந்தது அது, உள்ளே போனது நான். அது நாலு பேர் கையில் சாகாமல் லூர்தம்மாள் கையில் வம்சம் விட்டிருக்கிறதே, அது போதும்.

விதைப்பைப் புரட்டாசியில் வைத்துக்கொள். வேலிமசால் ஒரு பாத்தி, குதிரைமசால் ஒரு பாத்தி. சோளம் தெற்குக் கொல்லையில் மட்டும். மார்கழி கடைசியில் சோளத்தை அறுக்கலாம். அறுத்த கட்டையிலிருந்து மறுபடியும் துளிர் வரும், மறுதாம்பு என்போம். பார்க்கப் பச்சைப்பசேல் என்று ஆசையாக இருக்கும். அதற்கு ஒரு கணக்கு உண்டு. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மாட்டை அந்தக் கொல்லையில் அவிழ்த்துவிடாதே. அது வரைக்கும் நான் உள்ளேயே இருந்தால் எழுதிக் கேள். வெளியே வந்துவிட்டால் நானே வந்து காட்டுகிறேன்.

உன் வீட்டில் வந்து உட்கார்ந்துகொள்வேன் என்று பயப்படாதே. பண்ணைக் கொட்டகையில் ஒரு மூலை கொடுத்தால் போதும். மாட்டைப் பார்த்துக்கொள்கிறேன், சாணி அள்ளுகிறேன், உன்னைத் தங்கச்சி என்றுகூட யாரிடமும் சொல்லமாட்டேன். அலுவலரிடம் மட்டும் வீடு என்று சொல்.

ஒருநாள் மனு போட்டு என்னைப் பார்க்க வாயேன். இங்கே போனும் பேச விடுகிறார்கள், உன் நம்பரை எழுதி அனுப்பு.

நிலவன்

•

ஒரகடம், தோட்ட ஆபீஸ்
20.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, வேலைதான் ஆளைக் கொல்கிறது. வல்லம் வடகாலிலிருந்து ஆள் பிடித்துப் பாத்தி கட்டிக்கொண்டிருக்கிறோம். வருகிறவர்களில் பாதிப் பேர் வடக்கத்திக்காரர்கள், கல்யாண முருங்கையைக் காட்டினால் முருங்கைக்காய் எங்கே என்று கேட்கிறார்கள்.

நீ சொன்ன அலுவலர் தோட்ட ஆபீசுக்கு வந்தார். நல்ல மனிதர், மரியாதையாகப் பேசினார். நானும் பேசி அனுப்பினேன்.

தோட்டத் திட்டத்துக்குத் தலைமை ஆபீசிலிருந்து அனுமதி வந்துவிட்டது. பாத்திக்குப் பாத்தி பெயர்ப்பலகை வைக்கிறோம். செடிகளின் பெயரில் தப்பு வந்தால் அசிங்கம். அதனால் பலகை எழுத்துகளை அச்சடித்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எங்கள் ஆபீசில் மகாராஜா என்று ஒருவர், அவர் கட்டி அனுப்புவார். திருத்திச் சீக்கிரம் அனுப்பு.

போன் நம்பர் வேண்டாம் அண்ணா, வீட்டில் யார் எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது.

சத்யப்பிரியா

•

சிறை
14.10.2024

பாப்பாவுக்கு,

எல்லோரும் சுகம்தானே.

பலகைகளைத் திருத்தியிருக்கிறேன். கொழுக்கட்டைப்புல்லுக்கு அருகம்புல் படத்தைப் போட்டிருக்கிறார்கள், மாற்றச் சொல். வேலிமசாலும் குதிரைமசாலும் ஒன்றில்லை, இரண்டுக்கும் ஒரே விளக்கம் கூடாது. அகத்தி நன்றாக வந்திருக்கிறது.

கட்டின் அடியில் ஒரு பலகை இருந்தது. "துரைப்பண்ணையின் தலைமை மாட்டுக்காரர் மறைந்த கோதண்டம், அவர் மகன் மறைந்த நிலவன் ஆகியோரின் நினைவாக இந்தத் தோட்டம்." நீ அனுப்ப நினைத்திருக்கமாட்டாய், மகாராஜா மொத்தமாகச் சேர்த்துக் கட்டிவிட்டார் போல. மூன்று தடவை படித்தேன். எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

நான் எப்போது செத்தேன், பாப்பா? அதை மட்டும் தெரிந்துகொள்ள ஆசை. அந்த அலுவலரிடம் நீ என்ன சொல்லி அனுப்பினாய் என்பதையும் எழுதிவிடு. திட்டமாட்டேன். தெரியாமல் படுத்தால் தூக்கம் வரவில்லை.

நிலவன்

•

ஒரகடம்
10.11.2024

அண்ணனுக்கு,

நலம்.

கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன். நீ 2016-ல் செத்தாய். என்னைப் பெண் பார்க்க அவர் வீட்டார் வந்தபோது அம்மாதான் சொன்னாள், எனக்கு ஒரே பிள்ளை இருந்தான், லாரியில் அடிபட்டுப் போய்விட்டான் என்று. சொல்லிவிட்டு உள்ளே போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். அதற்கு முன்னால் மூன்று சம்பந்தம் உன்னால் தட்டிப்போனது உனக்குத் தெரியுமா? ஜெயில்காரன் தங்கச்சி என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அம்மாவை எடுத்தபோதுகூட, போலீசோடு நிற்பது பெரியப்பா மகன் என்று மாமியாரிடம் சொல்லிச் சமாளித்தேன்.

நீ ஒரு மாட்டுக்காக ஒருத்தனை அடித்துக் கொன்றாய். என்னை ஒரு நிமிஷம் நினைத்தாயா? அப்புறம் நான் மட்டும் ஏன் உன்னை நினைக்க வேண்டும்?

அலுவலரிடம் வீட்டில் இடமில்லை என்று சொன்னேன். எழுதித் தருகிறீர்களா என்றார், எழுதிக் கொடுத்தேன். கொட்டகையில் மூலை கேட்கிறாய். பள்ளிப் பிள்ளைகள் வருகிற இடம் அது. உன்னை நிறுத்திவைத்து யார் என்று சொல்வேன்?

எப்படியும் பலகையில் உன் பெயர் நிற்கிறது. வெளியே வந்திருந்தால் அதுகூடக் கிடைத்திருக்காது. இதைப் புரிந்துகொண்டால் இரண்டு பேருக்கும் நல்லது.

சத்யப்பிரியா

•

ஒரகடம்
7.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பொங்கல் வாழ்த்து. உடம்பு எப்படி இருக்கிறது? உன்னிடமிருந்து கடிதமே இல்லை. போன தடவை கோபத்தில் என்னவோ எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே.

தோட்டம் அவ்வளவு அழகாக வந்திருக்கிறது. நீ சொன்ன மாதிரி சோளத்தை அறுத்துவிட்டோம். சின்னச் செவலையும் மற்ற இரண்டும் கொட்டகைக்கு வந்துவிட்டன. சௌந்தர்யா சின்னச் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள், அதுவும் அசையாமல் நிற்கிறது.

திறப்புவிழா தை மூன்றாம் வெள்ளி, ஜனவரி 31-ம் தேதி. அன்றைக்கு மாட்டைச் சோளக்கொல்லையில் மேயவிட்டுக் காட்ட வேண்டும். உன்னைக் கேட்காமல் விடக்கூடாது என்று எழுதியிருந்தாய். எப்போது விடலாம்?

சத்யப்பிரியா

•

ஒரகடம்
20.1.2025

அண்ணா,

நீ நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் சாமி கும்பிடுகிறேன்.

போன கடிதம் வந்ததா? பதில் ஏன் போடவில்லை? சோளம் துளிர்த்து முழங்காலுக்குக் கீழே நிற்கிறது. குழாய் மாற்றுகிறார்கள் என்று பத்துப் பதினைந்து நாளாகத் தண்ணீர் விடவில்லை, அப்படியும் பச்சை குறையவில்லை. ராஜசேகர் சார் படம் எடுத்துத் தலைமை ஆபீசுக்கு அனுப்பிவிட்டார். மாடு அதில் மேயும் என்று அழைப்பிதழிலேயே போட்டாகிவிட்டது.

அம்மா அறுத்த சோளக்கொல்லை பக்கம் மாட்டை விடமாட்டாள், தும்புக்கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு போவாள் என்று ஒரு ஞாபகம். ஏன் என்று தெரியவில்லை. கன்சல்டன்ட் பச்சைத்தீவனம் எல்லாம் நல்லதுதான் என்கிறார். லூர்தம்மாளைக் கேட்கலாம், ஆனால் அவளிடம் வாயைக் கொடுத்தால் உடனே உன் பேச்சை எடுப்பாள். என் மாமியார் இப்போது என்னோடுதான் இருக்கிறார்.

முகவரி எழுதி ஸ்டாம்பு ஒட்டிய கவர் ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன். விடு, விடாதே, இரண்டில் ஒன்றை எழுதிப் போடு, போதும். பதில் போட்டால் அடுத்த மாதம் மனு போட்டு உன்னைப் பார்க்க வருகிறேன், சத்தியமாக.

உன் பாப்பா

•

பாலுசெட்டிசத்திரம்
9.2.2025

நிலவனுக்கு,

நீ நலமாக இருப்பாய். உனக்கு என்ன கேடு.

பத்தாவது நாள் வரை உன் கடிதத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. கெடுதல் என்றால் எழுதியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அளவுக்கு உன்னை நம்பினேன்.

வெளிநாட்டு விருந்தாளிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் என் மாமியார், மடியில் சௌந்தர்யா. மாட்டுக்கு மாலை போட்டு நானே அவிழ்த்துவிட்டேன். மூன்றும் ஆசை ஆசையாக மேய்ந்தன. விருந்தாளி மைக்கில் பேசி முடிப்பதற்குள் சின்னச் செவலைக்குக் கால் மடங்கியது. தலையை அண்ணாந்து மூச்சுக்கு இழுத்தது, வாயெல்லாம் நுரை. வேடிக்கை காட்டுகிறது என்று நினைத்து ஒரு வெள்ளைக்காரர் கைதட்டினார். அதற்குள் இன்னொன்றும் விழுந்துவிட்டது. டாக்டர் ஊசியோடு வந்தபோது மூன்றாவதும் அடங்கிவிட்டது. சௌந்தர்யா சின்னச் செவலையின் பக்கத்தில் உட்கார்ந்து எழுந்திரு எழுந்திரு என்று காதைப் பிடித்து இழுத்தாள்.

லூர்தம்மாள் தன் மாட்டைப் பார்க்கலாம் என்று அப்போதுதான் வந்தாள். ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மறுதாம்புலயாடி வுட்ட? அது வெசம்னு பச்சப் புள்ளைக்கும் தெரியுமே. உங்க அண்ணன் ஜெயில்ல உசுரோடதானே கீறான், அவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

முன்வரிசை முழுக்கக் கேட்டது. மாமியார் அங்கேயே எழுந்துவிட்டார். மறுநாள் என்னை என் சித்தி வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். சௌந்தர்யாவை விடவில்லை. கொலைகாரன் வீட்டுப் பெண்ணிடம் குழந்தை வளர வேண்டாமாம்.

கம்பெனியில் விசாரணை வைத்திருக்கிறார்கள். நீ எனக்குச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நான் மாட்டை விடலாமா என்று கேட்டதாகவும், விடலாம் என்று நீ தவறாகச் சொல்லிவிட்டதாகவும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. உனக்கு இனிமேல் போவதற்கு ஒன்றும் இல்லை. எனக்கு வேலை மிஞ்சினால் பிள்ளையைக் கேட்டு வழக்காவது போடுவேன்.

என் இரண்டு கடிதமும் உனக்கு வந்ததா இல்லையா? அதை மட்டும் உண்மையாகச் சொல்.

சத்யப்பிரியா

•

சிறை
21.2.2025

பாப்பாவுக்கு,

நீ ஸ்டாம்பு ஒட்டி அனுப்பிய கவரிலேயே இதை அனுப்புகிறேன். உன் ஆபீஸ் முகவரியை அடித்துச் சித்தி வீட்டு முகவரியை எழுதியிருக்கிறேன்.

இரண்டு கடிதமும் வந்தன. இரண்டாவது 23-ம் தேதியே என் கைக்கு வந்துவிட்டது. அன்றைக்கே எழுதியிருந்தால் உனக்குக் கிடைத்திருக்கும். இடுப்பு உயரத்துக்கு வராத மறுதாம்பு விஷம், தண்ணீர் காட்டாமல் காய்ந்தது என்றால் கேட்கவே வேண்டாம். அவ்வளவுதான் நான் எழுத வேண்டியிருந்தது. பேனாவை எடுத்தும்விட்டேன். அப்போது அந்தப் பலகை ஞாபகம் வந்தது. செத்தவனிடமிருந்து கடிதம் வந்தால் உன் மாமியார் என்ன நினைப்பார் என்று யோசித்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

31-ம் தேதி முழுக்க நான் சாப்பிடவில்லை. சின்னச் செவலைக்காக அழுதேன், பக்கத்தில் படுத்திருந்தவர்கள் அதட்டுகிற அளவுக்கு அழுதேன். அதைக் கொன்றது நான்தான், அதில் உனக்குப் பங்கு தரமாட்டேன். அதன் பாட்டிக்காக ஒரு மனிதனைக் கொன்றேன். உனக்காக அதைக் கொன்றேன். சௌந்தர்யா காதைப் பிடித்து இழுத்தாள் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை மட்டும் என்னால் இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை. குழந்தை அங்கே இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் எழுதியிருப்பேனா என்று தெரியவில்லை.

நீ கேட்ட கையெழுத்தைத் தர எனக்குத் தடையில்லை. ஆனால் செத்தவன் கையெழுத்து செல்லாது என்று இங்கே வக்கீலுக்குப் படித்த ஒருவர் சொல்கிறார்.

ஒரு வேலை மட்டும் பாக்கி இருக்கிறது. அந்தப் பலகையை எடுத்துவிட்டார்களா? எடுக்கவில்லை என்றால் சின்னச் செவலையின் பெயரையும் அதில் சேர்க்கச் சொல். என் பெயருக்குக் கீழே இடம் இருக்கிறது, நான் பார்த்தேன்.

இப்படிக்கு,
பலகையில் உள்ளபடி,
நிலவன்